குரங்கணிக்கு வந்த கருடர்கள்... தரையில் நின்று அசோக சக்ரா வென்ற நிராலா!

ஏலக்காய் மூட்டைகளும், எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுமாக விடியும் ஊர் போடிநாயக்கனூர். 2018 மார்ச் 12, திங்கள்கிழமை மட்டும் அந்த ஊர் ஹெலிகாப்டர் சத்தத்தில் விடிந்தது.

முந்தைய நாள் பிற்பகல், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒரு குழு. ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு குழு. பெரும்பாலும் இளம் வயதினர். அவர்களில் பெண்களே அதிகம். கோடையின் தொடக்கத்தில் காய்ந்து நின்ற புல்லும், வீசிய காற்றும் சேர்ந்துகொள்ள, தீ சரிவில் வேகமாகப் பரவியது. உயிர் தப்ப ஓடியவர்கள் பள்ளங்களில் சிக்கிக்கொண்டார்கள்.

முதலில் ஓடிப்போய் உதவியவர்கள் மலையில் வாழும் மக்கள்தான். வனத்துறை, தீயணைப்புத்துறை, காவல்துறையினரோடு சேர்ந்து, தீக்காயம் பட்டவர்களைப் போர்வைகளில் டோலிபோலக் கட்டி, தோளில் சுமந்து கீழே கொண்டுவந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வரவழைக்கப்பட்டன. மீட்புப் பணிக்காகச் சீருடையில் மலையேறியவர்களில் ஒரு பிரிவினரைப் போடிக்காரர்கள் அதற்கு முன் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள், இந்திய விமானப்படையின் கருட் கமாண்டோக்கள். அந்தத் தீ கடைசியில் 23 உயிர்களைப் பறித்தது.

தீவிரவாதிகளோடு சண்டையிடும் கமாண்டோக்களுக்கு ஏலமலைச் சரிவில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், குரங்கணித் தீக்கு நான்கு மாதங்களுக்கு முன் காஷ்மீரில் உயிர்நீத்த ஒரு வீரரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ஜோதி பிரகாஷ் நிராலா.

கருடனின் பிறப்பு

விமானப்படை என்றதும் விமானிகள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால், கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள விமானங்கள் தரையில் நிற்கும்போது அவற்றைக் காப்பது யார்? ஜம்மு காஷ்மீரில் விமானப்படைத் தளங்களுக்கு ஏற்பட்ட அச்சுறுத்தல்களுக்குப் பிறகு, இந்தக் கேள்விக்கு விடையாக 2004-ல் உருவாக்கப்பட்டதுதான் கருட் சிறப்புப் படை.

இதில் சேர்வது எளிதல்ல. உத்தரப்பிரதேசத்தின் சாந்திநகரில் உள்ள பயிற்சி மையத்தில் தொடங்கும் அடிப்படைப் பயிற்சியே ஓராண்டுக்கு நீளும். தாக்குப்பிடிக்க முடியாமல் பாதியில் விலகுபவர்கள் உண்டு. தாண்டியவர்கள் பாராசூட்டில் குதிக்க வேண்டும். நீருக்கடியில் மூழ்க வேண்டும். மிசோரமில் உள்ள ராணுவப் பள்ளியில் காட்டுப் போர்முறை கற்க வேண்டும். முழுமையான கருட் வீரராக உருவாகச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும்.

விமானத் தளங்களைக் காப்பதோடு இவர்கள் கடமை முடிந்துவிடாது. எதிரியின் எல்லைக்குள் விழுந்துவிட்ட விமானியைத் தேடி மீட்பதும், பேரிடர் காலங்களில் உயிர் காப்பதும் இவர்களுடைய கடமைகள். சிக்கிக்கொண்டவரைத் தேடிப் போவது இவர்களுக்குப் புதிதல்ல, அதற்காகவும் பழக்கப்பட்டவர்கள்தான்.

பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள்

நிராலா பிறந்தது 1986 நவம்பர் 15, பீகார் மாநிலம் ரோத்தாஸ் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தில். வீட்டுக்கு ஒரே மகன். உடன்பிறந்தவர்கள் சகோதரிகள். 2005-ல் விமானப்படையில் சேர்ந்தவர், பிறகு கருட் படை வீரரானார். திருமணமாகி ஒரு பெண் குழந்தை. குடும்பமே அவருடைய சம்பளத்தை நம்பியிருந்தது.

சண்டைக்கள அனுபவம் பெறுவதற்காக, கருட் வீரர்கள் காஷ்மீரில் ராணுவத்தின் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படைப்பிரிவுகளோடு இணைந்து பணியாற்ற அனுப்பப்பட்டார்கள். அப்படிப் போனவர்களில் நிராலாவும் ஒருவர். போடியைத் 'தென்காஷ்மீர்' என்பார்கள். அவர் போய் நின்றது அசல் காஷ்மீரில், பந்திப்போரா மாவட்டத்தில்.

2017 அக்டோபர் 11 அன்று அந்த மாவட்டத்தின் ஹாஜின் பகுதியில் நடந்த சண்டையில், கருட் படையைச் சேர்ந்த சார்ஜென்ட் மிலிந்த் கிஷோர் கைர்னார், கார்ப்பரல் நிலேஷ் குமார் நயன் என இருவர் வீரமரணம் அடைந்தார்கள். கூடச் சாப்பிட்டு, கூடத் தூங்கிய இரண்டு பேரை இழந்த துயரம் ஆறுவதற்குள், அடுத்த மாதமே மீண்டும் ஒரு தகவல் வந்தது. சந்தர்கீர் கிராமத்தில் ஒரு வீட்டில் தீவிரவாதிகள் பதுங்கியிருக்கிறார்கள் என்பதே அது.

நவம்பர் 18. கருட் வீரர்கள் அந்த வீட்டுக்கு மிக அருகில் பதுங்கிக் காத்திருந்தார்கள். வீட்டிலிருந்து தப்பிச் செல்லும் வழியை அடைத்தாற்போன்ற இடத்தில் நிராலா நிலையெடுத்தார். எதிரி வெளியே வந்தால் முதலில் மோத வேண்டிய இடம் அது. தெரிந்தேதான் அங்கே படுத்தார்.

திடீரென ஆறு தீவிரவாதிகள் சுட்டபடியும் கையெறி குண்டுகளை வீசியபடியும் வெளியே பாய்ந்தார்கள். நிராலா அசையவில்லை. திருப்பிச் சுட்டதில் இருவர் விழுந்தார்கள். மேலும் இருவர் காயமடைந்தார்கள். இதற்குள் அவர் உடலையும் குண்டுகள் துளைத்திருந்தன. படுகாயத்தோடும் அவர் சுடுவதை நிறுத்தவில்லை. ஆறு பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆனால், 31-வது பிறந்தநாள் முடிந்து மூன்றே நாள்களான நிராலாவும் பிழைக்கவில்லை.

கண் கலங்கிய ஜனாதிபதி

போர்க்களத்துக்கு பரம்வீர் சக்ரா போல, போர் இல்லாத காலத்தில் காட்டும் வீரத்துக்கு நாட்டின் மிக உயரிய விருது அசோக சக்ரா. அதுவரை விமானப்படையில் இருவர் மட்டுமே அதைப் பெற்றிருந்தார்கள். ஒருவர், 1952-ல் தீப்பற்றிய விமானத்தைத் தரையிறக்கி, அதிலிருந்த ராணுவ உயரதிகாரிகளைக் காப்பாற்றிய சுஹாஸ் பிஸ்வாஸ். இன்னொருவர், 1984-ல் விண்வெளிக்குச் சென்ற ராகேஷ் சர்மா. இருவருமே வானத்தில் சாதித்தவர்கள். தரையில் நின்று சண்டையிட்டு இந்த விருதைப் பெற்ற முதல் விமானப்படை வீரர் நிராலாதான்.

2018 ஜனவரி 26, டெல்லி குடியரசு தின விழா. ஆசியான் அமைப்பின் 10 நாட்டுத் தலைவர்கள் சிறப்பு விருந்தினர்களாக அமர்ந்திருந்தார்கள். நிராலாவின் மனைவியும் தாயும் வந்து விருதைப் பெற்றுக்கொண்டார்கள். கொடுத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த், கைக்குட்டையை எடுத்துக் கண்களைத் துடைத்துக்கொண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அதிலிருந்து சரியாக 45-வது நாள்தான் மார்ச் 12. நிராலாவை இழந்த அதே படையின் வீரர்கள் குரங்கணியில் நின்றார்கள். அங்கே சுட்டு வீழ்த்த எதிரி யாரும் இல்லை. தேடி எடுத்து, வீட்டாரிடம் சேர்க்க வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வேலைக்குப் பதக்கம் கிடையாது. ஆனால், பெற்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

அண்ணன்கள் விரித்த கைகள்

விருது வந்தது. விழா முடிந்தது. ஒரே மகனை இழந்த வீட்டில், கல்யாணத்துக்குத் தங்கை காத்திருந்தாள்.

2019 ஜூன் மாதம் அந்தத் திருமணம் நடந்தது. கருட் வீரர்கள் தலைக்கு 500 ரூபாய் போட்டு, 5 லட்சம் ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள். பணத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடவும் இல்லை. நிராலாவோடு பணியாற்றியவர்கள் நேரிலேயே பீகாருக்கு வந்து நின்றார்கள். மணப்பெண்ணின் பாதம் தரையில் படாமல், சகோதரர்களின் உள்ளங்கைமீது நடந்து வரச் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம். கமாண்டோக்கள் வரிசையாக மண்டியிட்டுக் கைகளை விரித்து வைத்தார்கள். அவர்களுடைய உள்ளங்கைகளை மிதித்தபடி மணமகள் நடந்து வந்த படம், நாடெங்கும் பலரின் செல்போன்களுக்கு வந்து சேர்ந்தது.

தேனிப் பக்கத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் தாய்மாமன் சீர் வராமல் விசேஷம் களைகட்டாது. அந்தத் தட்டை ஏந்தி வர அண்ணன் இல்லையே என்ற ஏக்கம் எப்படிப்பட்டது என்பதைப் போடிப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிராலாவின் தங்கைக்கு அந்த ஏக்கம் முழுதாகத் தீராமல் இருக்கலாம். ஆனால், அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் இல்லை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு படையே இருக்கிறது!