கார் பிடித்த சுருதி

மார்ச் விடுமுறைக்கு முந்தின நாள், அக்காவின் மகளை வயலின் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். மிசிசாகாவில் 403 நெடுஞ்சாலையிலிருந்து ஹுரொண்டாரியோ வீதிக்கு இறங்கும் வளைவில் பிரேக்கை மிதித்ததும், ஸ்டியரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. சிவப்பு விளக்கை நெருங்கும்போது நடுக்கம் அடங்கி, அதற்குப் பதிலாக "கீ...ச்" என்று ஒரு சத்தம். பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்த்தார். பதினாறு வயதுக் காருக்கு என்ன வெட்கம்? வெட்கப்பட்டது நான்தான்.

"மாமா, கார் ஏன் அழுகுது?" என்று பின் சீட்டிலிருந்து கேள்வி.

"உங்கட சீட் ஆடினதோ?"

"இல்லை. உங்கட கைதான் ஆடினது."

பாருங்கள், பாதித் துப்பு அதிலேயே கிடைத்துவிட்டது. ஸ்டியரிங் முன்சில்லுகளோடு இணைந்தது. பின்பக்கத்துப் பிரேக்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் சீட்டும் தரையும்தான் ஆடும். பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே நடுங்கினால், முதலில் டயர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். எங்கள் கார் மிதித்தால் மட்டும் நடுங்கியது. ஆகவே, முன்பக்கத்துப் பிரேக்.

மறுநாள் காலை கராஜுக்குப் போகும் வழியில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "வேகம் குறையக் குறைய நடுக்கம் என்ன செய்யுது, சத்தம் என்ன செய்யுது எண்டு கவனிச்சுச் சொல்லுங்கோ." வயலின் படிக்கிற காது அல்லவா! இறங்கும்போது சொன்னாள்: "நடுக்கம் வரவர மெதுவாகுது. கீச்சல் மட்டும் அதே சுருதியிலயே நிக்குது."

இந்த ஒரு வசனத்துக்கு நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், மார்ச் குளிரிலும்.

சில்லுக்குள் ஓர் இரும்புத் தட்டு சில்லோடு சேர்ந்து சுழலும். கனடாவில் அதை ரோட்டர் என்பார்கள். மிதியை அழுத்தினால் இரண்டு பிரேக் பேட்கள் அதை இரு பக்கமும் கவ்வும். தட்டில் ஓரிடம் மட்டும் துளி தடிப்பாக இருந்தால், அந்த இடம் வரும்போதெல்லாம் பேட்களை வெளியே தள்ளும். ஒரு சுற்றுக்கு ஓர் உதை. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 28 மீட்டர். கணக்குப் பாருங்கள்: நொடிக்கு 14 உதை. வேகம் பாதியானால் 7 உதை. நடுக்கம் சில்லின் சுற்றுகளை எண்ணிக்கொண்டு வருகிறது. அதனால்தான் காரோடு சேர்ந்து அதுவும் மெதுவாகிறது. நம் காதுக்கு நொடிக்கு 20 அதிர்வாவது வேண்டும். ஆகவே இதைக் கைதான் கேட்கும், காது கேட்காது.

கீச்சல் வேறு சாதி. வயலின் வில்லுக்கு அவள் ரோசின் பூசுவது ஏன்? வில் தந்தியில் ஒட்ட வேண்டும். தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் போகும், பிறகு நழுவித் திரும்பும், மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல நூறு தடவை இப்படி. வில்லை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் சுருதி மாறாது. அது தந்தியின் சொந்தச் சுருதி. பேட்தான் இங்கே வில், தட்டுத்தான் தந்தி. நொடிக்கு ஆயிரத்துக்கு மேல், சில வேளை பத்தாயிரம் வரைகூட அதிரும். கார் எந்த வேகத்தில் போனால் தட்டுக்கென்ன, அது தன் சுருதியில்தான் பாடும்.

கராஜ்கார அண்ணை சில்லைக் கழற்றினார். "தட்டு சூட்டில வளைஞ்சு போச்சு போல" என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம்" என்று சிரித்துவிட்டு, மைக்ரோமீட்டரை எடுத்தார். தட்டைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்தார். ஒவ்வோர் இடத்திலும் திருகு "க்ளிக், க்ளிக்" என்றதும் நிறுத்தி எண்ணை வாசிப்பார். மருமகள் அட்டையில் எழுதுவாள். கடைசியில் கழித்துப் பார்த்தாள். கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் 0.03 மில்லிமீட்டர். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை! ஆயிரத்து நானூறு கிலோ காரை உலுக்க அது போதும்.

எப்படி வந்தது அந்தத் தடிப்பு? குற்றவாளி உப்பு. மாரியில் மிசிசாகா வீதிகளில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுகிறார்கள். உப்புக் கரைந்த தண்ணீர் மின்னூட்டத்தை எளிதாகக் கடத்தும். இரும்பு துருப்பிடிப்பதும் ஒரு மின்வேதி வேலை என்பதால் துரு ஓடி வருகிறது. பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பர் வழுக்கிப் போய்வர இரண்டு கம்பிகள் உண்டு. அதில் ஒன்று துருவேறி இறுகிவிட்டது. மிதியை விட்ட பிறகும் உள்பக்கத்துப் பேட் தட்டை விடாமல் உரசி, ஒழுங்கில்லாமல் தேய்த்திருக்கிறது. வெளிப்பேட்டில் 7 மில்லிமீட்டர் மிச்சம், உள்பேட்டில் 3. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாம் நலம் என்றே தோன்றியிருக்கும்.

எல்லாச் சத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். மழை பெய்த மறுநாள் காலை வரும் கரகரப்பு, இரவில் தட்டில் படிந்த மெல்லிய துரு. நாலு தடவை மிதித்தால் போய்விடும். பனியில் மிதிக்கும்போது காலடியில் "கடகட" என்றால், அது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் வேலை. இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டால் மட்டும் வண்டியை எடுக்கவே கூடாது என்று அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்.

பிரேக்கின் வேலை காரின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. எங்கள் காரை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வரும் சூடு, கேத்திலில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். 50-இலிருந்து நிறுத்தினால்? பாதி என்று சொல்லாதீர்கள். கால்வாசிதான்.

இந்தக் கீச்சல் பழைய தலைவலி. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-இல் இப்படித் தட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். செம்பு பூட்டிய அவருடைய பிரேக் ஊரையே எழுப்பும்படி அலறியதாம். அதே நாட்டின் டார்பிஷர் மலைப்பக்கத்தில் ஃபுரூட் என்று ஒருவர். அங்கே குதிரைவண்டிக்காரர்கள் பள்ளத்தில் இறங்கும்போது சில்லில் பழைய சப்பாத்தைச் செருகி வேகத்தை அடக்குவார்கள். அதைப் பார்த்துத்தான் 1897-இல் அவர் பிரேக்குக்கு ஏற்ற பொருள் தேடத் தொடங்கினார். பிறகு அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார் வந்தது, சத்தம் அடங்கியது. ஆனால் அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது தெரியவந்து, கனடா 2018-இல் தடை விதித்தது. கியூபெக்கில் அஸ்பெஸ்டஸ் என்றே ஓர் ஊர் இருந்தது. 2020-இல் அவர்களும் பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

புதுத் தட்டுகள், புதுப் பேட்கள், துருவைச் சுரண்டிய கம்பிகளுக்குப் புதுக் கிரீஸ். பேட்டின் முதுகில் அதிர்வை விழுங்கும் ஒரு மெல்லிய தகடு. கார் வாய் மூடியது.

பழைய தட்டை மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினோம். கோயில் மணி போல "ணங்" என்றது. வயலினில் மேலே மேலே விரலை நகர்த்தி அந்தச் சுருதியைத் தேடினாள்.

"மாமா, கீச்சலுக்குக் கிட்ட வருது, ஆனா அதே இல்லை."

"கார்ல அதைப் பேட் ரெண்டும் இறுக்கிப் பிடிச்சிருந்ததெல்லோ?"

தந்தியில் விரல் வைத்தால் சுருதி மாறுவதை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தட்டு இப்போது அக்கா வீட்டுப் பேஸ்மென்டில் தொங்குகிறது. எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட அக்கா அதைத்தான் அடிக்கிறாள்.