பிரிட்டனின் விலகலும் மோட்டார் வாகனக் கைத்தொழிலும்

வர்த்தகக் கூட்டமைப்பொன்றிலிருந்து நாடொன்று விலகும்போது, தீர்வை எவ்வளவால் அதிகரிக்கும் என்பதே முதலில் எழுப்பப்படும் கேள்வியாகும். மோட்டார் வாகன உற்பத்தியைப் பொறுத்தவரை அக்கேள்வி மட்டும் போதுமானதல்ல என்பதை ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனின் அனுபவம் எடுத்துக்காட்டுகின்றது.

1986 ஆம் ஆண்டு நிஸான் நிறுவனம் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. ஹொண்டாவும் டொயோட்டாவும் பின்தொடர்ந்தன. பிரிட்டிஷ் சந்தையை மட்டும் நம்பி இந்நிறுவனங்கள் அங்கு வரவில்லை. பிரிட்டனில் தயாரித்தால் ஐரோப்பா முழுவதும் தீர்வையின்றி விற்கலாம் என்பதே பிரதான கவர்ச்சியாக இருந்தது. உதிரிப்பாகங்களும் எல்லைகளைப் பொருட்படுத்தாது பயணித்தன. தொழிற்சாலைகள் பாகங்களைக் களஞ்சியங்களில் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் வேளையில் அவை லொறிகளில் வந்து சேரும். துறைமுகத்தில் ஏற்படும் சில மணி நேரத் தாமதமும் உற்பத்தியை ஸ்தம்பிக்கச் செய்யக்கூடும்.

2016 ஜூன் 23 ஆம் திகதி நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பில் 52 வீதமானோர் விலகலை ஆதரித்தனர். நிஸான் தொழிற்சாலை அமைந்துள்ள சண்டர்லாந்திலும், ஹொண்டா இயங்கிய சுவிண்டனிலும்கூடப் பெரும்பான்மையினர் அவ்வாறே வாக்களித்தனர். 2020 ஜனவரி 31 ஆம் திகதி பிரிட்டன் வெளியேறியது. உடன்படிக்கை எட்டப்படாதிருந்தால் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் ஒவ்வொரு காருக்கும் 10 வீதத் தீர்வை செலுத்த நேர்ந்திருக்கும். 2020 டிசம்பர் 24 ஆம் திகதி எட்டப்பட்ட இணக்கப்பாடு அதனைத் தவிர்த்தது.

ஆனால் அதற்கு நிபந்தனையொன்று இருந்தது. அதுவே 'உற்பத்தி மூல விதி'யாகும். பெற்றோல் காரொன்றின் பெறுமதியில் குறைந்தது 55 வீதம் பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவானதாக இருந்தால் மாத்திரமே தீர்வை விலக்குக் கிடைக்கும். மின்சாரக் கார்களின் பெறுமதியில் பெரும்பங்கை வகிக்கும் பற்றரிகளோ பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வருகின்றன. 2024 இல் கடுமையாகவிருந்த பற்றரி விதிகளை 2026 இறுதி வரை ஒத்திவைக்க இரு தரப்பும் 2023 டிசம்பரில் இணங்கின. இதற்கு மேலாகச் சுங்கப் பத்திரங்களுக்கான செலவும் சேர்ந்துகொண்டது.

2016 இல் பதினேழு இலட்சத்துக்கும் அதிகமான கார்களை உற்பத்தி செய்த பிரிட்டன், 2022 இல் சுமார் 775,000 கார்களையே உற்பத்தி செய்தது. அப்போது 1956 இற்குப் பின்னரான மிகக் குறைந்த தொகையாக இது இருந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் விலகலின் மீது சுமத்துவது நியாயமாகாது. கொவிட் தொற்றும் 'சிப்' தட்டுப்பாடும் டீசல் கார்களுக்கான கேள்வி குறைந்தமையும் இதில் பங்களித்தன. 2021 ஜூலையில் மூடப்பட்டு ஏறத்தாழ 3,500 பேர் தொழிலிழக்கக் காரணமான சுவிண்டன் தொழிற்சாலை விடயத்திலும், உலகளாவிய தொழில்துறை மாற்றங்களையே ஹொண்டா காரணம் காட்டியது. மறுபுறத்தில் 2023 இல் சண்டர்லாந்தில் புதிய மின்சாரக் கார்களைத் தயாரிக்க நிஸான் முன்வந்தது. ஆனால் வாக்கெடுப்புக்கும் உடன்படிக்கைக்கும் இடைப்பட்ட நான்கரை ஆண்டு கால நிச்சயமின்மை ஈடுசெய்ய முடியாததாகும். பல ஆண்டுகளை முன்னோக்கியே முதலீடு செய்யும் தொழிலுக்குத் தீர்வையைவிடத் தெளிவின்மையே பெருஞ்சுமை என நாம் கருதுகின்றோம்.

உற்பத்தி மூல விதி எமக்கும் புதியதல்ல. இறக்குமதித் துணியில் தைக்கப்படும் எமது ஆடைகள் பல, ஐரோப்பாவின் ஜீஎஸ்பி பிளஸ் சலுகையைப் பெற முடியாதிருப்பதும் அவ்விதியினாலேயே. பிரிட்டன் 2023 இல் தனக்கெனத் தனியான சலுகைத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியதால், எமது ஏற்றுமதியாளர்கள் இன்று இருவேறு விதித்தொகுதிகளைப் பின்பற்ற வேண்டியுள்ளது.

கூட்டமைப்பில் இணைவதும் விலகுவதும் ஒரு நாட்டு மக்களின் உரிமையாகும். எனினும் அதன் விலை எவ்வளவு, அதனைச் செலுத்தப்போவது யார் என்பவற்றை வாக்களிப்பதற்கு முன்னரே மக்களுக்குத் தெளிவுபடுத்துவது ஆட்சியாளரின் கடமையாகும்.