சலான் வந்தால் இன்சூரன்ஸ் ஏறுமா?

தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாயன்று நாட்டரசன்கோட்டை கண்ணுடையநாயகி அம்மன் கோயில் வாசலில் நகரத்தார் செவ்வாய்ப்பொங்கல் வைக்கக் கூடுகிறார்கள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கடல் கடந்தும் வருகிற குடும்பங்கள் அவை. அன்று தெருவில் வரிசைகட்டி நிற்கும் கார்களில் பலவற்றுக்கு ஆர்.சி.யில் பெயர் ஒருவருடையது, ஸ்டியரிங் பிடித்தவர் ஆக்டிங் டிரைவர். வழியில் நான்குவழிச் சாலைக் கேமரா வேகத்தைப் பிடித்தால் இ-சலான் அந்த டிரைவருக்கு வராது, ஆர்.சி.யில் பதிந்த போன் நம்பருக்குத்தான் வரும். ‘அடுத்த ரெனியூவலில் இன்சூரன்ஸ் ஏறிவிடுமோ?’ என்ற பயமும் கூடவே வரும். ஏறாது. இந்தியாவில் வேகத்துக்கான அபராதம் பிரீமியத்தைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்பதே என் கட்சி.

பிரீமியம் எதைப் பார்த்துப் போடப்படுகிறது? தேர்ட் பார்ட்டி தொகையை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் 1,000 சிசி வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897 என்று அறிவித்தார்கள். இன்ஜின் அளவைத் தவிர வேறு கேள்வியே இல்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில் வண்டியின் மதிப்பும் வயதும் வரும், பதிவான ஊரும் வரும். சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், மற்றதெல்லாம் இன்னொன்று என்பது பழைய கட்டண முறை தந்த பிரிவினை. அதனால் சிவகங்கையின் டிஎன் 63 வண்டிக்குச் சற்றே மலிவு. ஊரைக் கேட்கிற கம்பெனி, ஓட்டும் விதத்தைக் கேட்பதில்லை. நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகிறதே என்பார்கள். அது கிளெய்ம் கேட்காததற்கான பரிசு. தினமும் நூற்று முப்பதில் பறந்து, தப்பித்து வருபவருக்கும் அது முழுசாகக் கிடைக்கும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஏழு சாவுகளுக்கு அதிவேகமே காரணம் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. வேறு காரணம் தெரியாவிட்டால் போலீசார் ‘அதிவேகம்’ என்று எழுதிவிடுவதும் உண்டுதான். அதற்காகப் பாதியைத் தள்ளினாலும் மிச்சம் சிறிதல்ல. விபத்துத் தீர்ப்பாயம் உத்தரவிடும் நஷ்டஈடு எல்லோரும் கட்டிய தேர்ட் பார்ட்டி பணத்திலிருந்துதான் போகிறது. வேகக்காரர் சேர்க்கும் ஆபத்துக்கு நிதானக்காரரும் சரிபங்கு கட்டுகிறார்.

இது யோசிக்கப்படாத விஷயமல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் அமைத்த குழு, போக்குவரத்து விதிமீறல் பிரீமியம் என்று தனியாக ஒன்றைச் சேர்க்கலாம், டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தப்பான இடத்தில் நிறுத்தினால் 10 என்று கணக்கு. யார் ஓட்டினாலும் புள்ளி வண்டி உரிமையாளர் தலையில் விழும். செட்டிநாட்டில் முதலில் எழும் ஆட்சேபணை இதுவாகத்தான் இருக்கும்: டிரைவர் செய்த தப்புக்குச் சிங்கப்பூரில் இருப்பவர் ஏன் கட்ட வேண்டும்? ஆனால் அந்த டிரைவர் ஆளை மோதினால் தீர்ப்பாயத்தில் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளரும்தானே. சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்பவர் அவர். ஓட்டியவர் யார் என்று அவர் சொன்னால் புள்ளியை அந்த லைசென்ஸுக்கு மாற்றும் வழி இருந்தால் போதும்.

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. வேகப் பலகையே இல்லாத இடத்தில் கேமரா, நம்பரைத் தப்பாகப் படித்து வரும் சலான், இவற்றை வைத்துப் பிரீமியம் போட்டால் ஜனம் இன்சூரன்ஸையே விட்டுவிடாதா? ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாதவை என்று 2024-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலைப்பட்டது. ஆகவே கூட்டுவதில் தொடங்காமல் குறைப்பதில் தொடங்கலாம். சிங்கப்பூரில் மூன்று ஆண்டு விதிமீறல் இல்லாமல் ஓட்டியவருக்கு பிரீமியத்தில் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆட்சேபித்த சலான் தீரும்வரை கணக்கில் சேராது என்ற விதியும் வேண்டும். 2022 ஜூலையில் ஆணையம் அனுமதித்த, ஓட்டும் விதத்தைப் பார்த்து ஓன் டேமேஜ் பிரீமியம் போடும் திட்டங்கள் இதற்கு ஒரு வாசல். ஆனால் அவை விரும்பினால் எடுத்துக்கொள்ளும் கூடுதல் வசதி மட்டுமே, வேகக்காரர் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

அதுவரை ஆக்டிங் டிரைவர் வைப்பவர்கள் வேறொன்றைப் பார்த்துக்கொள்ளட்டும். கிளெய்ம் வந்தால் கம்பெனி பழைய வேகச் சலானைத் தேடாது, ஓட்டியவரின் லைசென்ஸைக் கேட்கும். அது காலாவதியாகியிருந்தால் ஓன் டேமேஜ் பணம் வருவது சந்தேகம்.