செவ்வாய்க் கோளில் நீரால் ஏற்பட்ட பாறை மாற்றம்

செவ்வாய்க் கோளில் நீரால் ஏற்பட்ட பாறை மாற்றம் என்பது, பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கோளில் இருந்த நீர் எரிமலைப் பாறைகளுடன் வினைபுரிந்து, அவற்றிலிருந்து புதிய கனிமங்களைத் தோற்றுவித்த வேதி நிகழ்வைக் குறிக்கும். இன்று செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனால் அதன் மேற்பரப்பில் நீர் திரவமாக நிலைத்திருக்க இயலாது. முற்காலத்தில் அங்கு இருந்த நீர் எத்தகையது, அது உயிர்கள் வாழ ஏற்றதாக இருந்ததா என்பதை அறிய இக்கனிமங்கள் முதன்மைச் சான்றாக உள்ளன.

மாற்றம் நிகழும் முறை

செவ்வாயின் மேலோடு பெரும்பாலும் பசால்ட்டு வகைப் பாறையால் ஆனது. இதில் ஒலிவின், பைராக்சீன், பெல்ட்சுபார் ஆகிய கனிமங்கள் உள்ளன. பாறைக்குழம்பின் உயர் வெப்பநிலையில் உருவான இவை, நீருடன் சேரும்போது சிதைகின்றன. இவற்றுள் ஒலிவின் மிக எளிதில் சிதையும். எந்தப் புதிய கனிமம் உருவாகும் என்பது நீரின் தன்மையைப் பொறுத்தது:

* நடுநிலை அல்லது சிறிது காரத்தன்மை கொண்ட நீர் நெடுங்காலம் தங்கினால், சிமெக்டைட்டு போன்ற களிமண் கனிமங்கள் உருவாகின்றன.
* கந்தகம் கலந்த அமில நீரில் ஜாரோசைட்டு போன்ற சல்பேட்டுகள் உருவாகின்றன.
* கார்பன் டைஆக்சைடு கரைந்த நீர், மக்னீசியம், இரும்பு ஆகியவற்றுடன் சேர்ந்து கார்பனேட்டுகளைத் தருகிறது.
* வெந்நீர் ஊற்றுகளும் எரிமலை ஆவியும் சிலிக்கா மிகுந்த படிவுகளை விட்டுச் செல்கின்றன.

செவ்வாயின் பல பகுதிகளில் ஒலிவின் சிதையாமல் இன்றும் காணப்படுகிறது. அது உருவான பின் அவ்விடங்களில் நீர் அதிக காலம் இருக்கவில்லை என்பதற்கு இது அடையாளம்.

தரையுளவிகளின் கண்டுபிடிப்புகள்

2004 சனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஒப்பர்சூனிட்டி, சிறு குண்டுமணிகள் போன்ற ஹேமடைட்டு உருண்டைகளையும் ஜாரோசைட்டையும் கண்டது. அங்கு அமிலத்தன்மை மிகுந்த நீர் இருந்ததை ஜாரோசைட்டு உணர்த்தியது. குசெவ் பள்ளத்தில் இயங்கிய ஸ்பிரிட்டின் சக்கரம் ஒன்று சுழலாமல் நின்றுபோனது. அது மண்ணைக் கீறி இழுத்துச் சென்ற தடத்தில், 2007 இல், ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா கொண்ட வெண்மண் வெளிப்பட்டது.

2012 ஆகத்தில் கியூரியோசிட்டி 154 கிலோமீட்டர் விட்டமுள்ள கேல் பள்ளத்தில் இறங்கியது. 2013 இல் அது துளையிட்ட சேற்றுப்பாறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண் கனிமங்கள் இருந்தன. அங்கு ஒரு காலத்தில் இருந்த ஏரியின் நீர், உப்பும் அமிலமும் குறைந்த நன்னீராக இருந்திருக்க வேண்டும் என இதிலிருந்து முடிவு செய்யப்பட்டது. நுண்ணுயிர்கள் வாழத் தகுந்த சூழல் செவ்வாயில் இருந்தது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

காலவரிசை

மார்சு எக்சுபிரசு விண்கலத்தின் ஒமேகா கருவி தந்த தரவுகளைக் கொண்டு, சான்-பியர் பிப்ரிங் குழுவினர் 2006 இல் செவ்வாயின் வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பிரித்தனர். முதலில் களிமண் கனிமங்களும், அடுத்து சல்பேட்டுகளும், இறுதியில் நீரின்றி மெல்ல நிகழும் ஆக்சிசனேற்றத்தால் இரும்பு ஆக்சைடுகளும் உருவாயின என்பது இவ்வகைப்பாடு. கேல் பள்ளத்தின் நடுவிலுள்ள மலையின் அடிப்பகுதியில் களிமண் கனிமங்களும் மேல் அடுக்குகளில் சல்பேட்டுகளும் காணப்படுவது, கோள் படிப்படியாக வறண்டதைக் காட்டுகிறது. எனினும் நீரின் தன்மை இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்ததால், இவ்வரிசை எல்லா இடங்களுக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

கார்பன் புதிர்

திரவ நீர் நிலைத்திருக்க அடர்ந்த கார்பன் டைஆக்சைடு வளிமண்டலம் தேவைப்பட்டிருக்கும். அவ்வாறாயின் பாறைகளில் ஏராளமான கார்பனேட்டு இருக்க வேண்டும். ஆனால் சுற்றுக்கலன்கள் சிறிதளவே கண்டன. 2025 இல் வெளியான கியூரியோசிட்டி முடிவுகளின்படி, சல்பேட்டு மிகுந்த சில அடுக்குகளில் எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு வரை சிடரைட்டு என்னும் இரும்புக் கார்பனேட்டு உள்ளது. மேலிருந்து பார்க்கும் கருவிகளுக்குப் புலப்படாத இக்கனிமம், பழைய வளிமண்டலத்தின் ஒரு பகுதி பாறைக்குள் சிறைப்பட்டிருப்பதைக் காட்டுகிறது. மற்றொரு பகுதி விண்வெளிக்குத் தப்பிச் சென்றது. இவற்றுள் எது எவ்வளவு என்பது இன்னும் ஆய்வில் உள்ளது.