மூஸ் இருக்க பயமேன்? ஆப்ஜெக்ட் புரோகிராமிங் இனி எளிது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, புரோகிராமிங் பழகத் தொடங்குபவர்கள் மிரண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என்னிடம் சந்தேகம் கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் நம்மூர் வெள்ளிக் கொலுசு.

கொலுசின் டிசைன்தான் கிளாஸ். அந்த டிசைனில் செய்த ஒவ்வொரு ஜோடியும் ஒரு ஆப்ஜெக்ட். எடை, விலை ஆகியவை அதன் அட்ரிபியூட். செய்கூலி கணக்கிடும் வேலை மெதட். அவ்வளவுதான் விஷயம்!

பெர்லில் என்ன சிக்கல்?

லாரி வால் 1987ல் வெளியிட்ட இலவச மொழி பெர்ல். 1994ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆப்ஜெக்ட் வசதி சேர்ந்தது. ஆனால் ஆப்ஜெக்டை உருவாக்குவது, மதிப்பைத் தருவது, சரிபார்ப்பது என எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும்.

சரிபார்க்க மறந்தால் என்ன ஆகும்? எடைக்கு 45 என்பதற்குப் பதில் யாரோ "கிராம் 45" என்று டைப் செய்துவிடுகிறார்கள். எழுத்தில் தொடங்குவதால் கூட்டும்போது பெர்ல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை வசதியை இயக்காவிட்டால் ஒரு வார்த்தையும் சொல்லாது. 45 கிராம் வெள்ளி கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்!

மூஸ் என்ன செய்கிறது?

ஸ்டீவன் லிட்டில் 2006ல் வெளியிட்ட மூஸ், இந்தச் சுமையைக் குறைக்கிறது. "ஹேஸ்" என்ற கட்டளையில் நான்கு விஷயங்களைச் சொன்னால் போதும்:

1. அட்ரிபியூட்டின் பெயர் எடை.
2. அது எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.
3. கட்டாயம் தரப்பட வேண்டும்.
4. பிறகு மாற்றக்கூடாது.

மீதியை மூஸ் பார்த்துக்கொள்ளும். "கிராம் 45" என்று கொடுத்தால் உடனே பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். எடையே தராவிட்டாலும் அப்படித்தான். ஆனால் 45க்குப் பதில் 54 என்று அடித்தால் மூஸுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

எப்படிப் பெறுவது?

விண்டோஸில் முதலில் ஸ்ட்ராபெரி பெர்லை நிறுவுங்கள். மூஸை சிபேன் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மூஸ் தொடங்கச் சற்று நேரம் எடுக்கும். சின்னப் புரோகிராம்களுக்கு அதன் இலகுவான தம்பி "மூ" போதும். 2023ல் வந்த பெர்ல் 5.38 பதிப்பில், கிளாஸ் எழுதும் வசதி சோதனை முயற்சியாக மொழிக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

முதல் பயிற்சியாக உங்கள் வீட்டு மளிகைப் பட்டியலை ஒரு கிளாஸாக எழுதிப் பாருங்கள். அளவு என்ற இடத்தில் வேண்டுமென்றே ஒரு சொல்லைக் கொடுங்கள். மூஸ் எப்படித் தடுக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.