திட்டம் எழுதப் பணம்: எண்ணப்படுவதும் விடுபடுவதும்

'திட்டம் போடுறதுக்கே பணமா?' என்று கேட்டார் நண்பர். போராட்டக்காரர். அவரைப் பொறுத்தவரை திட்டம் என்பது அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற காகிதம். அமெரிக்காவில் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைப்பதற்கு மாநிலங்கள் திட்டம் தீட்ட அரசு கொடுத்த மானியத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதம் எழுதப்படுகிற இடத்திலேயே அதிகாரம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

நடந்தது இதுதான். 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் இதற்கென 500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 25 கோடி திட்டமிடுவதற்கு மட்டும். மீதியில் பெரும்பகுதி நிறைவேற்றுவதற்கு. திட்டமிட ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 லட்சம் டாலர். இதற்குப் போட்டி கிடையாது, கேட்டால் கிடைக்கும். 67 பெருநகர்ப் பகுதிகளுக்குத் தலா 10 லட்சம். பழங்குடி அரசுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2.5 கோடி.

பெரும்பாலான மாநிலங்கள் வாங்கிக்கொண்டன. ஃபுளோரிடா, அயோவா, கென்டக்கி, தெற்கு டகோட்டா நான்கும் வேண்டாம் என்றன. ஆனால் மறுத்த மாநிலத்தின் பெருநகரங்கள் நேரடியாகப் பணம் பெற வழி இருந்தது. 'அரசு' என்று ஒற்றைக் கட்டியாக நாம் பேசுவது எவ்வளவு தட்டையானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

காசு குடுக்குறவன் கணக்குக் கேட்பான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கேட்டது: எங்கிருந்து எவ்வளவு வாயு வெளியேறுகிறது? எந்த நடவடிக்கையால் எவ்வளவு குறையும்? ஏழைச் சமூகங்களுக்கு என்ன கிடைக்கும்? இதைச் செய்யச் சட்டப்படி யாருக்கு அதிகாரம்? மாநிலங்கள் 2024 மார்ச் 1க்குள் முதல் திட்டத்தைக் கொடுக்க வேண்டும். அடுத்த கட்ட நிதியை அப்படி ஒரு திட்டத்தில் இடம்பெற்ற நடவடிக்கைகளுக்கு மட்டுமே கேட்க முடியும். 2024 ஜூலையில் 25 விண்ணப்பங்களுக்கு 430 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. ஆக, எண்ணப்படாதது திட்டத்துக்குள் வராது; திட்டத்துக்குள் வராததற்குப் பணம் வராது.

புள்ளியியலை அரசு தன்னைப் பற்றித் தானே உண்டாக்கிக்கொள்ளும் அறிவாகப் பார்த்தார் ஃபூக்கோ, 1978 உரைகளில். இங்கே நடப்பதும் அதுதான். மாநிலக் கணக்கு பொதுவாக எல்லைக்குள் வெளியேறும் புகையைத்தான் எண்ணுகிறது. திருப்பூரில் தைத்த பனியனை அயோவாக்காரர் போட்டுக்கொள்கிறார். அதைத் தைக்க எரிந்த நிலக்கரி இந்தியாவின் கணக்கில் ஏறுகிறது. 'இதுல நமக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுவே. கணக்கேட்டின் எல்லையை யார் வரைகிறார்கள் என்பது அரசியல்.

இனி இதன் மறுபக்கம். ஏழைச் சமூகங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி தானாக வந்துவிடவில்லை. சுற்றுச்சூழல் நீதி இயக்கங்கள் பல பத்தாண்டுகள் போராடி அதைப் படிவத்துக்குள் நுழைத்தன. படிவத்தில் ஏறியதைத் துடைக்கவும் முடிகிறது. மாசும் வறுமையும் சேர்ந்து விழுகிற இடங்களைக் காட்டிவந்த முகமையின் இணைய வரைபடம் 2025 பிப்ரவரியில் அகற்றப்பட்டது. அந்த மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், வரைபடம்தான் இல்லை. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம், அதுவரை யாருக்கும் உறுதி செய்யப்படாமல் மிச்சமிருந்த நிதியையும் திரும்ப எடுத்துக்கொண்டது.

அப்படியானால் நண்பர் சொன்னதுதான் சரியா? பாதி சரி. பணம் போகும், ஆட்சி போகும். ஆனால் எழுதப்பட்ட பிரதிகள் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. எந்தப் பிரிவு எவ்வளவு உமிழ்கிறது, அதைத் தடுக்க எந்தத் துறைக்கு அதிகாரம் உண்டு என்று அரசே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறது. 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று கைவிரிப்பது இனி அவ்வளவு சுலபமில்லை.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்: திட்டம் வந்தபிறகு வாசலில் நின்று கோஷம் போடுவோம், போடத்தான் வேண்டும். அதற்கு முன்னால், யாரை எண்ணப்போகிறார்கள் என்று பட்டியல் தயாராகிற அறைக்குள்ளும் நாம் இருந்தாக வேண்டும். அங்கே விட்டதைத் தெருவில் பிடிப்பது கஷ்டம்.