பஞ்சாயத்து வேறு... சமரசம் வேறு! விவாகரத்து வாசலில் நிற்பவர்கள் கவனத்துக்கு

கணவன் மனைவிக்குள் ஒத்துவரவில்லை என்றால், திருமலைராயன்பட்டினத்தில் முதலில் பேச வருபவர் வக்கீல் அல்ல. தாய்மாமன், பெரியப்பா, ஜமாஅத் பெரியவர்கள், பட்டினச்சேரி என்றால் ஊர்ப் பஞ்சாயத்தார். அவர்கள் பேசிச் சேர்த்துவைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால், 'இனி முடியாது' என்றான பிறகு, ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுப் பிரிவது, இந்து திருமணச் சட்டப்படி பொதுவாக விவாகரத்து ஆகாது. மறுமணம் பேசும்போதுதான் அந்தத் தாளின் பலவீனம் தெரியும்.

சமரசர் என்ன செய்வார்?

தீர்ப்பு சொல்ல மாட்டார். இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் உட்காரவைத்துப் பேசுவார். நீங்கள் தனியாகச் சொன்னதை, அனுமதியின்றி மறுதரப்பிடம் சொல்ல மாட்டார். பேச்சு முறிந்தால், 'உடன்பாடு இல்லை' என்று மட்டுமே கோர்ட்டுக்குத் தெரிவிப்பார். அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கிவிட்டது. குடும்ப வழக்குகளில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

எங்கே போவது?

வழக்கு நடக்கிறது என்றால், 'சமரசத்துக்கு அனுப்புங்கள்' என்று நீதிபதியிடமே கேட்கலாம். வழக்குக்கு முன்பே பேச விரும்பினால், காரைக்காலில் உள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற இலவச எண்ணும் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி சட்ட உதவி இலவசம். நாகூரில் வாழ்க்கைப்பட்டு, இப்போது பட்டினத்தில் பிறந்த வீட்டில் இருக்கும் பெண், இந்து திருமணச் சட்டப்படி தான் வசிக்கும் பகுதிக்குரிய கோர்ட்டிலேயே மனு போடலாம்.

தேர்வு செய்யும்முன் கேளுங்கள்

* முறையான சமரசப் பயிற்சி பெற்றவரா? 40 மணி நேரப் பயிற்சி வழக்கமான அளவுகோல்.
* இரு தரப்பில் யாருக்காவது உறவோ, முன்பு வக்கீலாக இருந்தவரோ?
* குழந்தை யாரிடம் வளர்வது போன்ற பிரச்னைகளைக் கையாண்டவரா?
* தனியார் சமரசர் என்றால் கட்டணம் எவ்வளவு, யார் தருவது?

நம்பிக்கை வரவில்லையா? வேறு சமரசர் கேட்கத் தயங்க வேண்டாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

நகை, சீர்வரிசைப் பட்டியல், இருவரின் வருமானம், கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு. காரைக்காலில் பல குடும்பங்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை முதல் அமர்வுக்கு முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் பேசவும் வழி உண்டா என்று கேளுங்கள்.

அவசரப்பட்டு கையெழுத்து வேண்டாம்

'மாதம் ஏதாவது தருவேன்' என்பது உடன்பாடு அல்ல. எவ்வளவு, எந்தத் தேதி, தவறினால் என்ன, லீவில் பிள்ளை யாரிடம் என அனைத்தும் எழுத்தில் வரட்டும். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று தாய் எழுதிக்கொடுத்தாலும், பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை போய்விடாது. உங்கள் வக்கீல் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உடன்பாட்டுக்குப் பிறகும் விவாகரத்து தருவது கோர்ட்தான். பரஸ்பர சம்மத மனுவுக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதன்பின் வரும் ஆறு மாதக் காத்திருப்பை, தகுந்த வழக்குகளில் நீதிபதி தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

அடி, உதை இருந்தால்?

பயத்தோடு எதிரே உட்கார்ந்து பேசுவது சமரசம் ஆகாது. முதலில் பாதுகாப்பு. 181-க்கு அழையுங்கள். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 'சேர்ந்து உட்கார மாட்டேன், தனி அறையில் பேசுங்கள்' என்று சமரசரிடம் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.